சிட்லிங்கி மருத்துவர் அம்மாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லலிதா அம்மாவுக்கு,

கலை, பண்பாட்டுத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அறிக்கை எழுத உட்காரும்போதெல்லாம் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கான நன்றியை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன்.

1993இல் நீங்களும் உங்கள் கணவர் மருத்துவர் ரெஜி ஐயாவும் அரூர்ப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்குக்கு வந்தீர்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதைத் தாண்டாத காலம் அது. குடிசையில் மருத்துவம் பார்த்தீர்கள். உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகப் பழக்கினீர்கள். 2004இல் இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. அதற்கும் பிறகுதான் அங்குள்ள லம்பாடி மக்களின் பூத்தையலை மீட்கும் வேலை.

இந்த வரிசைக்குத்தான் முதல் நன்றி. எங்கள் துறையில் எந்தக் கலை அழிகிறது என்று கேட்டுக்கொண்டுதான் ஊருக்குள் நுழைவோம். நீங்கள் பிள்ளை பிழைக்கட்டும், வயல் விளையட்டும் என்று ஆரம்பித்தீர்கள். வயிற்றுப்பாட்டுக்குத் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறவர்களிடம் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

லம்பாடிக் குடியிருப்பான தாண்டாவில் அந்தத் தையல் கைவரப்பெற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே இரண்டு மூத்த பெண்கள். வெளியூரிலிருந்து வடிவமைப்பாளரை வரவழைத்துக் கற்பிக்காமல், அவர்களையே ஆசிரியராக உட்காரவைத்தீர்கள். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். துணியில் பென்சில் கோடு கிடையாது. ஊடும் பாவுமாக இழையை எண்ணி எண்ணியே ஊசி ஏறி இறங்குகிறது. ஓர் இழை தப்பினால் கட்டம் கோணிவிடும். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். பேத்தி வயதுப் பெண்கள் உட்கார்ந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். இன்று 'போர்கை' என்று தங்கள் மொழியிலேயே பெயர் வைத்த சங்கம் அவர்களுடையது. பெருமை என்று அர்த்தமாம். சம்பாத்தியமும் அவர்கள் கைக்கே போகிறது.

மரபுக் கலைகளைக் காப்பதில் அந்தந்தச் சமூகத்தாருக்கே பெரும்பங்கு வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. 2005இல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்த வாசகத்தை நான் பல அறிக்கைகளில் எடுத்தாண்டிருக்கிறேன். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று அதிகாரிகள் கேட்டால், சிட்லிங்கிக்குப் போய்வாருங்கள் என்கிறேன்.

இப்போதெல்லாம் என் மேசைக்கு வரும் எந்தத் திட்டத்திலும் விழாச் செலவைப் பார்ப்பதற்கு முன்னால் கலைஞரின் கூலி எவ்வளவு, ஊரில் பிரசவம் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டுவிடுகிறேன். இரண்டாவது கேள்வி பண்பாட்டுத் துறைக்கு எதற்கு என்பவர்களுக்கு உங்கள் கதையைச் சொல்கிறேன், அம்மா.


ஒரு பண்பாட்டு ஆலோசகர்