மழைக்காலத்து ஆமைகள்

அக்டோபர் 9

வனத்துறைக்காரர்கள் ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே மூன்று நட்சத்திர ஆமைகள். புறநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவை. வளர்த்த பெரியவரே தகவல் சொல்லி ஒப்படைத்திருக்கிறார். பிரிய மனமில்லாமல் பெட்டியோடு மீட்புக் கூடம்வரை வந்துவிட்டார்.

"பேரப்பிள்ளை மாதிரி வளர்த்தோம் டாக்டரம்மா. பால்சோறு, பிரெட்டு, சில நாள் தோசைகூட. ஒரு குறையும் வைக்கலை."

"வெயில்ல விடுவீங்களா ஐயா?"

"கீழ விட்டா நாய் வந்துடும். ஹால்லயேதான் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியா நல்லா வெயில் விழும்."

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிவந்த ஊர் இது. இன்று அதே ஆமையை வாஸ்துவுக்கு நல்லது என்று திருட்டுத்தனமாய்க் காசு கொடுத்து வாங்குகிறோம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019-இல் வனவுயிர் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். பெரியவரிடம் சட்டம் பேசவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த வீட்டுச் சமையற்கட்டின் கதை. ஓட்டு நோய்க்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

பெரிய பெண் ஆமையைக் கவிழ்த்துக் கீழோட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே அமிழ்ந்து திரும்பி வந்தது. பிறந்து சில மாதமேயான குஞ்சுக்கு ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது இயல்பு. வளர்ந்த ஆமைக்கு அப்படி இருக்கவே கூடாது. மேலோட்டின் பின்பாதி இடுப்புக்கு மேலே பள்ளமாய் இறங்கியிருந்தது. விளிம்புத் தகடுகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. நடக்கவிட்டபோது வயிற்றைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போனது.

அக்டோபர் 11

எக்ஸ்ரே வந்தது. எலும்பு தெரியவேண்டிய இடத்தில் சாம்பல் மூட்டம். பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிட்ட செய்திதான்.

கூடத்தில் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் தம்பி, "ஓட்டைக் கழற்றிட்டு உள்ள பார்க்க முடியாதா மேடம்?" என்று கேட்டான். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளை. எக்ஸ்ரேவைக் காட்டியே விளக்கினேன். ஆமைக்கு ஓடு என்பது முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிந்த உடம்பு. மேலோடு கீழோடு இரண்டிலும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட எலும்புகள். அவற்றின் மேல் நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆன தகடுகள். தகடுகள் சேரும் கோடும் எலும்புகள் சேரும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. கொத்தனார் செங்கல்லை இணைப்பு மாற்றி அடுக்குவது போன்ற அமைப்பு. தகட்டுக்கும் எலும்புக்கும் இடையே ரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. சுரண்டினால் வலிக்கும். ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

சோற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ஆமையின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். பாலைச் செரிக்கும் வயிறும் அதற்குக் கிடையாது. தின்ற கொஞ்சநஞ்சக் கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள டி3 வைட்டமின் வேண்டும். டி3 தோலில் உருவாகப் புற ஊதா-பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். அந்தக் கதிரை விடாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எங்கே போய்க் கடன் கேட்கும்? ஓட்டிடம்தான். பெரியவர் வீட்டு ஹாலில் நல்ல வெயில் விழுந்தது பொய்யில்லை.

அக்டோபர் 13

மற்ற இரண்டு ஆமைகளுக்கும் ஓடு கெட்டியாய் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கூம்பாய் எழும்பியிருக்கிறது. இங்கேதான் நட்சத்திர ஆமை மருத்துவரைக் குழப்பும். இந்த இனத்துக்குக் காட்டிலேயே தகடுகள் சற்று மேடாகத்தான் இருக்கும். எது பிறவி மேடு, எது நோய்? நான் பார்ப்பது கூம்புக்கும் கூம்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தை. பள்ளம் ஆழமாய், வளையங்கள் தடித்து, மொத்த முதுகும் தட்டையாகியிருந்தால் வளர்ப்பில் கோளாறு. வளையத்தை எண்ணி வயது சொல்கிறார்கள். அதை நம்ப முடியாது. நன்றாய்த் தின்ற ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் விழும்.

கூம்புக்குக் காரணம் அதிகப் புரதம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2003-இல் வியன்னாவில் ஆப்பிரிக்க சல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு விடை தந்தது. புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பெரிதாய்த் தீர்மானித்தது. வறண்ட காற்றில் வளர்ந்த குஞ்சுகளுக்குத்தான் கூம்பு அதிகம். ஆமை என்றால் பாலைவனம், வறட்சி என்று நினைத்து, குஞ்சைச் சூட்டு விளக்கடியில் காயப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். காட்டில் அந்தக் குஞ்சு பகலெல்லாம் புல்லின் வேரடியில், ஈர மண்ணை ஒட்டிக் கிடக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஏசி ஓடும் அறையில் போய்ப் பார்க்கவேண்டும்.

எழும்பிய கூம்பு இனி இறங்காது. மருந்தும் இல்லை.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்பு: "மேடம், ஆமை ஓடு உரிஞ்சு உரிஞ்சு வருது!" தொட்டியில் வளரும் சிவப்புக்காது ஆமை. உரிந்தது கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா, முழுத் தகடா, அடியில் பளபளப்பா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம். அப்படியானால் நல்லது. நீர் ஆமைகள் வளரும்போது பழைய தகட்டை உதிர்க்கும். நில ஆமை உதிர்த்தால்தான் ஓடிவரவேண்டும்.

அக்டோபர் 27

இன்று முழுக்க ஓட்டு அழுகல். வடகிழக்குப் பருவமழை இறங்கினாலே இப்படித்தான். நனைந்த சிமெண்டுத் தரை, மாற்றாத வைக்கோல், அதிலேயே சிறுநீர்.

பிடிபட்ட ஆமைகளை எடுத்துவைக்கும் தொட்டியில் ஒன்றைத் தூக்கியபோதே மூக்கு கண்டுகொண்டது. ஓட்டுக்கு வாடையே இருக்கக்கூடாது. கீழோட்டின் நடுவில் வெளிறிய திட்டு. அதன்மேல் தட்டினால் மற்ற இடத்தில் கேட்கும் கெட்டிச் சத்தம் இல்லை, பொத்தலாய் ஒலித்தது. விளிம்பை மழுங்கிய கருவியால் தூக்கினேன். தகடு பெயர்ந்து வந்தது. அடியில் பாலாடைக்கட்டி நிறத்தில் சீழ். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதுபோல ஓடாது, கட்டியாய் உறைந்துவிடும். அதனால் வெளியிலிருந்து பூசும் களிம்பு எதையும் எட்டாது. முதலில் சுரண்டி எடுத்தாகவேண்டும். வலி மருந்து போட்டுவிட்டு, ரத்தம் கசியும் உயிருள்ள இடம் வரும்வரை சுத்தம் செய்தேன். மாதிரி எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியாகிவிட்டது. கிருமியா பூஞ்சையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இனிமேல் தினமும் நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவ வேண்டும். லேசான டீ நிறம் போதும், கெட்டியாய் விட்டால் புதுத் திசு கருகும். பிறகு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. காய்ந்த படுக்கை, முப்பது டிகிரியை ஒட்டிய சூடு. குளிர்ந்த ஆமையின் உடம்பு தானும் போராடாது, மருந்தையும் ஒழுங்காய்ப் பயன்படுத்தாது. எலும்புவரை இறங்கிய ஒன்றுக்கு மட்டும் செஃப்டாசிடிம் ஊசி, மூன்று நாளுக்கு ஒன்று. முன்னங்காலில்தான் போடவேண்டும் என்று தம்பிக்குக் காட்டினேன். பின்னங்கால் ரத்தம் உடம்பைச் சுற்றும் முன்பே சிறுநீரகத்தின் வழியாய்ப் போகக்கூடும்.

கீழோட்டிலும் தொடையின் உட்பக்கத்திலும் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தால் நிலைமை வேறு. அழுகல் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே ஊசி. இன்று அப்படி ஒன்றும் இல்லை.

நவம்பர் 2

மஞ்சள் குழைத்து அப்பி ஓர் ஆமை வந்தது. தேங்காயெண்ணெய் பூசி மெருகேற்றி இன்னொன்று. பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது. எண்ணெயில் தூசி ஒட்டி, இணைப்புக் கோடுகளில் அழுக்கு அடைந்து, அதற்கடியில் பூஞ்சை சௌகரியமாய்க் குடித்தனம் நடத்தும். மஞ்சள் பூச்சோ எனக்குப் பார்க்கவேண்டிய நிறத்தையே மறைத்துவிடுகிறது. நகச்சாயம் பூசிய ஆமை இந்த ஆண்டு இன்னும் வரவில்லை. வரும்.

நவம்பர் 16

இரவு பத்து மணிக்கு ஒரு பண்ணைவீட்டு ஆமை. வீட்டு நாய் கடித்துக் குதறியிருக்கிறது. நாய்க்கு அது ஓர் எலும்புத் துண்டு, அவ்வளவுதான். ஆமையும் நாயும் சிநேகிதர்கள் என்று படம் பிடித்துப் போடுகிறவர்களை நான் நம்புவதே இல்லை.

கடி காலையில் நடந்தது. வீட்டுக்காரர் விரிசலைச் சூப்பர் குளூ விட்டு ஒட்டியிருக்கிறார். உடைந்த சாமானை ஒட்டி வைக்கும் கை அது. ஆனால் நாயின் எச்சிலையும் மண்ணையும் உள்ளே வைத்து அடைத்தாகிவிட்டது. பசையைப் பெயர்ப்பதற்கே வெகுநேரம் பிடித்தது. மழைக்கால ஈ வேறு. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் புழு வைத்திருக்கும்.

மேலோட்டுக்கு நேர் கீழே நுரையீரல். விரிசலில் மூச்சோடு குமிழி எழுந்தால் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. அங்கே தண்ணீரைப் பீய்ச்சக்கூடாது. இதற்கு எழவில்லை. உப்புக்கரைசலால் கழுவி, உடைந்த சில்லுகளைத் தூக்கி எறியாமல் இருந்த இடத்தில் நிறுத்தினேன். உயிர்த்தசையோடு ஒட்டியிருக்கும் சில்லு பிழைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் ஃபைபர் துணியும் எப்பாக்ஸியும் வைத்து மூடுவார்கள். அடியில் என்ன நடக்கிறதென்று பார்க்க வழியே இருக்காது. இப்போது விரிசலைத் திறந்தே விட்டு, இரண்டு பக்கமும் கொக்கி ஒட்டிக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறோம். 2019-இல் அமெரிக்காவில் வட கரோலினா மீட்பு மையம் ஒன்று இதற்காகப் பழைய உள்ளாடைக் கொக்கிகளை அனுப்பச் சொல்லிக் கேட்டு, உலகமெங்கும் செய்தியானது. எங்கள் கூடத்தில் ஜாக்கெட் கொக்கி. தையல்கடை அக்கா எதற்கென்று கேட்டுவிட்டுக் காசே வாங்கவில்லை.

கம்பி சில மாதம் இருக்கும். எலும்பு முழுக்கக் கூட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வீட்டுக்காரருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: உடைந்தால் சுத்தமான துணியை உப்புக்கரைசலில் நனைத்து மூடு, தண்ணீரில் விடாதே, ஒட்டாதே, உடனே கொண்டுவா. ஆமையைத் திரும்பக் கேட்டார். அது வனத்துறையிடம் கேட்கவேண்டிய கேள்வி.

டிசம்பர் 7

பெரியவரின் பெண் ஆமை நேற்று முதன்முதலாய் வயிற்றைத் தூக்கி நடந்தது. வாய்வழிக் கால்சியம், வெதுவெதுப்பான தண்ணீரில் மேலோட்டு விளிம்புவரை தினம் ஒரு முக்கு, மழை விட்ட நேரமெல்லாம் ஓரத்தில் நிழலோடு நேரடி வெயில். டி3-ஐ ஊசியாய்க் கொட்டச் சொன்னார் நண்பர் ஒருவர். அளவு மீறினால் இதயக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். ஓட்டுக்கு அவசரம் கிடையாது, எனக்கும் வேண்டாம்.

தீனிதான் பெரிய போர். பால்சோற்றுக்குப் பழகிய நாக்கு புல்லைத் தொடவில்லை. அருகம்புல்லைப் பொடியாய் நறுக்கி, சப்பாத்திக்கள்ளியின் வழவழப்பில் பிசைந்து, மேலே ஒரு செம்பருத்திப் பூ வைத்துத் தம்பிதான் ஏமாற்றினான். முருங்கையிலை, மல்பெரி இலை பிறகு வந்தன. நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கடல்நுரையை ஒரு துண்டு போட்டிருக்கிறோம். கணவாயின் எலும்பு, ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். கடித்துக் கடித்துப் பாதியாக்கிவிட்டது.

ஜனவரி 18

கீழோடு இப்போது கட்டைவிரலுக்கு அசையவில்லை. தகடுகளின் நடுவே வெளிர்மஞ்சளாய் ஒரு மெல்லிய வளர்ச்சிக் கோடு, தட்டையாய், மேடில்லாமல். கெட்டித்த பழைய பள்ளமும் சுருண்ட விளிம்பும் அப்படியேதான் இருக்கின்றன. அழுகல் ஆமைக்கு வெளுத்த எலும்பு ஒன்று தெரிகிறது. அதைப் பிடுங்கக்கூடாது, அடியில் புதுத் தோல் மூடியபின் தானே உதிரும்.

மழைமூட்ட நாட்களுக்கு வாங்கிய புற ஊதா விளக்கின் பிடியில் மாட்டிய தேதியை எழுதி ஒட்டச் சொன்னேன். வெளிச்சம் குறையாமலே அந்தக் கதிர் சில மாதங்களில் தீர்ந்துபோகும். ஓராண்டுக்குள் மாற்றியாகவேண்டும்.

பெரியவர் பார்க்க வந்தார். "பழைய முதுகு வந்துடுமா டாக்டரம்மா?" வராது ஐயா என்றேன். காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்டார். எங்கிருந்து பிடித்து விற்ற ஆமை என்றே தெரியாது. குஜராத் பக்கத்து நட்சத்திர ஆமையும் நம் பக்கத்ததும் மரபில் வேறு. வீட்டில் தொற்றிய நோயும் கூடவே போகும். இங்கேதான் இருக்கும் என்றேன்.

மொட்டைமாடியில் அவரே வளர்த்ததாம், ஒரு பை நிறையச் செம்பருத்தி இலை கொண்டுவந்திருந்தார். பூச்சிமருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். "போன வாரம்தான். மாவுப்பூச்சி தாங்கலை" என்றார். பையைத் திருப்பிக் கொடுத்தேன்.