நிறம் பிரிப்பவர்கள்

திருப்பூரில் ‘வேஸ்ட்’ என்றால் குப்பை என்று பொருள் இல்லை. அது ஒரு சரக்கு. அதற்கு விலை உண்டு, தரம் உண்டு, தரகர் உண்டு, குடோன் உண்டு. டி-ஷர்ட்டுக்குத் துணி வெட்டும்போது கழுத்து வளைவிலும் கை வளைவிலும் மிஞ்சும் துண்டுகள்தான் அந்தச் சரக்கு. எவ்வளவு கெட்டிக்கார கட்டிங் மாஸ்டராக இருந்தாலும் நூறு கிலோ துணியில் பத்து கிலோவுக்குக் குறையாமல் மிஞ்சும். கிலோ இவ்வளவு என்று பேசி, சாக்கில் கட்டி, வேஸ்ட் வியாபாரி எடுத்துப் போவார். குடோனில் பெண்கள் அதைப் பிரிப்பார்கள். பிரித்தது மில்லுக்குப் போகும். அங்கே முள் உருளைகள் வைத்த மெஷின் துணியைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கும். அந்தப் பஞ்சு ஓ.இ. மில்லில் நூலாகும். நூல் கையுறையாகவும் போர்வையாகவும் மிதியடியாகவும், இப்போதெல்லாம் புதிய டி-ஷர்ட்டாகவும் திரும்பி வரும்.

இதற்கு இன்று ‘வட்டப் பொருளாதாரம்’ என்று பெயர். கருத்தரங்குகளில் அம்புக்குறி போட்டு ஒரு வட்டம் காட்டுவார்கள். பருத்திச் செடி, நூல், துணி, ஆடை, கழிவு, மறுபடி நூல். அந்தப் படத்தில் கழிவுக்கும் நூலுக்கும் நடுவே ஓர் அம்பு மட்டும் இருக்கும். என் அம்மா பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தது அந்த அம்புக்குள்தான்.

அம்மா குடோனுக்கு வந்த வழியும் ஆற்றோடு சம்பந்தப்பட்டது. எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரைப் பக்கம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அந்த அணையில், மேலே இருந்த சாயப்பட்டறைகளின் கழிவுநீர்தான் வந்து தேங்கியது. எந்த ஊர் விவசாயியும் அணையைத் திற என்றுதான் கேட்பான். எங்கள் ஊர் விவசாயிகள் திறக்காதே என்று கேட்டார்கள். கிணறுகள் உப்பாயின. மஞ்சள் வெட்டும் களையெடுப்பும் அம்மாவுக்கு வருடத்தில் பாதி நாள் சோறு போட்ட வேலைகள். அவை ஒவ்வொன்றாக நின்றன.

2004-இல் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு நட்ட ஈடு நிர்ணயித்தார்கள். நியாயமான காரியம்தான். ஆனால் அது நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. யார் பெயரில் பட்டா இருந்ததோ அவருக்குப் பணம். அந்த நிலத்தில் இருபது வருடம் குனிந்து நிமிர்ந்தவளுக்குப் பட்டா ஏது? எங்கள் தெருவில் யாருக்குமே நிலம் இல்லை. நிலம் இருந்த வீடுகளிலும் பட்டா ஆண்கள் பெயரில்தான் இருந்தது. ஆறு கெட்டதில் பெண்கள் இழந்தது எவ்வளவு என்று எந்த ஆணையமும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு ஏதாவது ஒரு காகிதத்தில் அவர்கள் பெயர் இருந்திருக்க வேண்டும்.

அப்படித்தான் அம்மா திருப்பூருக்கு வந்தாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் குடோனுக்குக் கூட்டிப் போவாள். தகரக் கூரை, ஒரு வாசல், ஜன்னல் கிடையாது. நடுவில் மலைபோலத் துணிக் குவியல். அதைச் சுற்றிப் பதினைந்து பதினாறு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் சுற்றி ஏழெட்டுச் சாக்குகள் வாய் திறந்திருக்கும். துண்டை எடுப்பது, பார்ப்பது, இழுப்பது, எறிவது. ஒரு துண்டுக்கு ஒரு நொடிகூட ஆகாது. யாரும் சாக்கைத் திரும்பிப் பார்த்து எறிந்ததில்லை.

எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். அம்மா ஒரே கைப்பிடியிலிருந்து மூன்று கறுப்பு எடுப்பாள். “இது நீலம் ஓடுன கறுப்பு கண்ணு, இது சிவப்பு ஓடுனது. ரெண்டும் ஒண்ணாப் போனா நூலு திட்டுத் திட்டா வரும்” என்பாள். வெள்ளையிலும் பால் வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை, வெளுக்காத துணி என்று தனித்தனி. லைக்ரா கலந்த துணியை இரண்டு விரலால் இழுத்துவிட்டாலே தெரிந்துவிடும். அது பஞ்சாக்கும் மெஷினில் சிக்கிக்கொள்ளும், தனியே போட வேண்டும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகும். லேபிள், எலாஸ்டிக், தையல் பிசிறு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் துணி சாக்குக்குள் போகும்.

இந்தக் கண் எதற்குப் பயன்படுகிறது என்பது அம்மாவுக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. டெக்ஸ்டைல் படித்தபோதுதான் தெரிந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தை நூலோடு சேர்த்துவிட்டு, தான் தண்ணீரிலேயே தங்கிவிடுவதுதான் உப்பின் குணம். ஒரு கிலோ துணிக்குப் பல பத்து லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அத்தனையும் உப்போடு வெளியே வரும். அதுதான் நொய்யலில் ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறியது. தண்ணீரைச் சவ்வுகள் வழியே அழுத்தி வடிகட்டி மீட்கிறார்கள். மிச்ச உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து வற்றவைக்கிறார்கள். மீண்ட தண்ணீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடி சாயப் பட்டறைக்கே போகின்றன. பெரிய சாதனை அது, மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு மின்சாரமும் விறகும் நிறைய வேண்டும். கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாக மிஞ்சுகின்றன.

நிறம் பிரித்த வேஸ்டிலிருந்து வரும் நூலுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. சிவப்புத் துண்டுகள் சிவப்புப் பஞ்சாகும். சிவப்புப் பஞ்சு சிவப்பு நூலாகும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டாம், உப்பு வேண்டாம், வற்றவைக்க விறகு வேண்டாம். அத்தனை செலவையும் தவிர்ப்பது முள் உருளை மெஷின் இல்லை. நிறம் கலந்த குவியலை அதற்குள் போட்டால் சாம்பல் நிறச் சக்கைதான் வரும். ஆற்றுக்குப் போக வேண்டிய சாயத்தைத் தடுத்தவை, நீலம் ஓடிய கறுப்பையும் சிவப்பு ஓடிய கறுப்பையும் பிரித்துப் பார்த்த கண்கள். ஆறு கெட்டதால் வேலை இழந்தவள், ஆற்றைக் காக்கும் வேலையில்தான் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அவளுடைய நாள் கூலி 120 ரூபாய். பேல் போடும் ஆண்களுக்கு 250. கேட்டால், “அது பலமான வேலை, இது சும்மா உட்கார்ந்து பண்றதுதானே” என்பார் ஓனர்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு பையர்கள் கேட்கும் ஆவணங்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. எவ்வளவு தண்ணீர் மிச்சம், எத்தனை சதவீதம் மறுசுழற்சிப் பருத்தி, தொழிலாளருக்கு முகக்கவசம் தருகிறோமா, கழிப்பறை எத்தனை. மறுசுழற்சி ஆடைகளுக்கு ஜி.ஆர்.எஸ். என்ற சர்வதேசச் சான்று உண்டு. பொருள் எங்கிருந்து வந்தது என்பதோடு, வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பார்க்கும் சான்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோது படித்த விதிகளின்படி, முழுத் தணிக்கை தொடங்கும் இடம் துணியைப் பஞ்சாக்கும் மில். அதற்கு முன்னால் சேகரிப்பவர்களும் பிரிப்பவர்களும் ஒரு சுய அறிவிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். அதைப் போடுவதும் பிரிக்கும் பெண் இல்லை, குடோன் ஓனர். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் நின்றேன். அம்மாவின் குடோன் வாசலுக்குச் சரியாக அந்தப் பக்கத்தில் கோடு போட்டிருந்தார்கள்.

சட்டமும் அந்தக் கோட்டை வேறொரு இடத்தில் போட்டிருந்தது. அம்மா வேலை செய்த காலத்தில் நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் கொண்டு உற்பத்தி நடக்கும் இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. அம்மாவின் குடோனில் மெஷின் இல்லை. பெண்கள் பதினாறைத் தாண்டியதும் இல்லை. அதனால் வருகைப் பதிவேடு இல்லை, கழிப்பறை இல்லை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். மாதவிடாய் நாட்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை.

பத்து வருடம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சு இறுக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை சாயங்காலம் மூச்சு இழுக்கும். பருத்தித் தூசியால் வரும் பைசினோசிஸ் நோயின் அடையாளமும் அதுதான்: ஓய்வு நாளுக்கு அடுத்த நாள் அதிகமாகும். இழப்பீடு தர வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. டாக்டர் வீசிங் என்று எழுதினார். எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு அம்மாவிடம் ஒரு சம்பளச் சீட்டு இல்லை. வேலை செய்ததற்கே சாட்சி இல்லாதபோது, வேலையால் வந்த நோய்க்குச் சாட்சி எங்கே இருக்கும்?

பிரிப்பது என்றாலே பெண்கள் வேலை என்று எப்படியோ முடிவாகிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கியதிலிருந்து அது தொடர்கிறது. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று வீட்டில் இரண்டு பக்கெட் வைக்கச் சொல்லி மாநகராட்சி வண்டி பாட்டுப் போட்டு வரும்போதும், வாசலுக்கு ஓடுவது யார் என்று உங்களுக்கே தெரியும். நாம் பிரிக்காமல் விட்டதைத் தெருமுனையில் பிரிப்பவளும் பெண்தான், பெரும்பாலும் தலித் பெண். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தபோது, நாப்கின் தயாரிப்பாளர்கள் அதைச் சுற்றி எறிவதற்கு உறை தர வேண்டும் என்று எழுதினார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. புனே நகரில் குப்பை பொறுக்கும் பெண்கள் பெருவாரியாகச் சேர்ந்து 1993-இல் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற தொழிற்சங்கம் அமைத்தார்கள். மாநகராட்சி அங்கீகரித்த அடையாள அட்டை வாங்கினார்கள். பிறகு ‘ஸ்வச்’ என்ற தங்கள் கூட்டுறவின் மூலம் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஒப்பந்தத்தையும் பெற்றார்கள். 2013-இல் வெறும் கையால் நாப்கின் பிரித்துச் சலித்துப்போய், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, தயாரித்த கம்பெனிகளுக்கே அனுப்பிவைத்தார்கள். அருவருப்பை அது உண்டான இடத்துக்கே திருப்பி அனுப்பிய அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தைரியமும் வந்தது.

அவர்கள் முதலில் கேட்டது பரிதாபம் இல்லை, அட்டை. நாங்கள் இந்த வேலையைச் செய்கிறோம் என்று ஊர் ஒப்புக்கொள்ளும் ஒரு காகிதம். மீதி எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. அதையே எங்கள் ஊருக்கும் யோசித்தேன். வேஸ்ட் வாங்கும் வியாபாரிகளின் விவரப் படிவம் எங்கள் அலுவலகத்தில் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. எண், வண்டி எண், குடோன் முகவரி. அதில் நான்கு கேள்வி கூடுதலாகச் சேர்க்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். பிரிக்கும் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரில் பதிவேடு உண்டா? கழிப்பறை உண்டா? தூசி வெளியேற மின்விசிறியும் முகக்கவசமும் உண்டா?

“வேண்டாம்மா. ஆடிட்டே கேட்காததை நாமளா எதுக்குக் கேட்கணும்? அவங்க சரக்கை வேற ஆளுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார்.

நான் பையரின் மின்னஞ்சல் ஒன்றைக் காட்டினேன். மறுசுழற்சி நூலின் மூலம் எது என்று அடுத்த சீசனிலிருந்து இன்னும் கீழே வரை விவரம் கேட்கப்போவதாக அதில் இருந்தது. அதன் பிறகுதான் சரி என்றார். தொழிலாளியின் மூச்சு செய்யாததை ஒரு மின்னஞ்சல் செய்தது. எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் வாய்ப்பை விடவில்லை.

ஏழு வியாபாரிகளுக்கு அனுப்பினேன். மூன்று படிவங்கள் நிரம்பி வந்தன. ஒன்றில் பெண்கள் எண்ணிக்கை 11, பதிவேடு இல்லை, கழிப்பறை இல்லை, மின்விசிறி ஒன்று. இன்னொன்றில் பெண்களின் பெயர்களைக் கேட்காமலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். பேனா எழுத்தில் ஒன்பது பெயர்கள், பக்கத்தில் எத்தனை வருடமாக வேலை செய்கிறார்கள் என்று. ஒருவருக்கு இருபத்திரண்டு வருடம். யார் எழுதியது என்று போனில் கேட்டேன். கணக்கு எழுதும் பெண் என்றார் ஓனர். மூன்றாவது படிவத்தில் கழிப்பறைக்கு நேராக, ‘கட்டப்படும்’ என்று இருந்தது. அடுத்த மாதம் போய்ப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அந்த ஒன்பது பெயர்ப் பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். “கழிப்பறை வந்தா நல்லதுதான். கூலியப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?” என்றாள்.

படிவத்தில் ஐந்தாவது கேள்வியாக அது இப்போது சேர்ந்திருக்கிறது.