நூறு கிலோமீட்டர் பாக்கி

எங்கள் வீட்டில் எந்தச் சண்டை ஆரம்பித்தாலும் அது சோளிங்கரில்தான் போய் முடியும்.

கரண்ட் பில் கட்ட மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா முதலில் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவார். பிறகு நான் பி.காம். படித்ததைப் பற்றி. பிறகு, ஒண்ணாம் தேதியானால் சம்பளம் வந்துகொண்டிருந்த சென்னை அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று ஊர் திரும்பியதைப் பற்றி. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அந்த வசனம் வரும்:

"உன்னைப் பெத்துக்கறதுக்காக நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சவன்டா நான்!"

விஷயம் இதுதான். கல்யாணமாகி ஆறு வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. 1989 கார்த்திகையில் அப்பா வேண்டிக்கொண்டு, எங்கள் ஊர் திருப்புட்குழியிலிருந்து சோளிங்கர் மலைக்கு சைக்கிளிலேயே போய், நரசிம்மரைச் சேவித்து, அன்று ராத்திரியே வீடு திரும்பிவிட்டாராம். வழியில் ஓரிடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லையாம். அடுத்த வருஷம் நான் ஆஜர்.

அம்மா கட்சி வேறு. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு நம்பிக்கை உண்டு. வறுத்த பயறை நனைத்து, ராத்திரி மடியில் கட்டிக்கொண்டு படுத்து, காலையில் அது முளை விட்டிருந்தால் குழந்தை பிறக்கும் என்பார்கள். அம்மா அதையும் செய்திருக்கிறாள். "முளைச்சது என் பயறு. இவரை யாரு மிதிக்கச் சொன்னது?" என்பாள். பிறந்தவன் என்ற முறையில் நான் நடுநிலை.

ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வவுச்சர் இல்லாத செலவைப் பார்த்தால் கை அரிக்கும். கியர் இல்லாத, ஏறக்குறைய இருபது கிலோ எடையுள்ள ஹெர்குலிஸில், ஒரே நாளில், தள்ளாமல்? ஆடிட் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதே சைக்கிள் கொல்லைப்புறத்தில் சாய்ந்திருந்தது. டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதிதாய்ப் போட்டேன். பழைய சொத்தாக மிஞ்சியது பாரும் பெல்லும்தான்.

ஆடி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை நாலே முக்கால். திண்ணையில் அப்பா விழித்திருந்தார். முழங்கால் வலி அவரை நாலு மணிக்கு மேல் தூங்க விடுவதில்லை.

"எங்கடா?"

"சோளிங்கர்."

"பஸ்ஸு ஆறு மணிக்கு மேலதான்."

"சைக்கிள்லப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார். "பின் சக்கரத்துல காத்து கம்மி" என்றார். அவ்வளவுதான்.

கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு. நூற்றெட்டு திவ்விய தேசங்களில் இது ஒன்று. சீதையைக் காப்பாற்றப் போய்ச் சிறகு வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு, ராமன் ஒரு மகனைப் போல ஈமக்கடன் செய்த இடம் இதுதான் என்பது ஸ்தல புராணம். புள் என்றால் பறவை. புள்ளுக்குக் குழி, புட்குழி. எதிரே இருக்கும் குளத்துக்குப் பெயரே ஜடாயு தீர்த்தம். விழுந்து கிடந்த கிழப்பறவை, "ராவணன் தெற்கே போனான்" என்றது. ராமன் ரசீது கேட்காமல் நம்பினான். நானோ பெற்ற தகப்பன் சொன்னதைச் சரிபார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இளவயதில் ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், குரு சொன்ன பொருளை மறுத்ததும் இந்த ஊரோடு சேர்த்துத்தான் சொல்லப்படும். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது இங்கே பழைய வழக்கம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பெருமாளுக்கு இங்கே ஒரு கீல் குதிரை வாகனம் உண்டு. மரத்தில் செய்து, கீல் வைத்து, நிஜக் குதிரைபோல அசையும்படி அமைத்தது. என்னுடையதும் கீல் குதிரைதான். என்ன, அசையக் கூடாத கீலும் அசைந்தது.

பாலுச்செட்டி சத்திரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். காரை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரி ஒன்று பக்கத்தில் போனால், முதலில் காற்று நம்மைத் தள்ளும். பிறகு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் குலதெய்வம் ஞாபகம் வரும். சர்வீஸ் ரோடு இருந்த இடத்திலெல்லாம் அதிலேயே ஒதுங்கினேன்.

தாமல் தாண்டியதும் ஒரு சந்தேகம். ரோடு பலகை மாதிரி தட்டையாகத்தான் தெரிகிறது. ஆனால் தொடை வலிக்கிறது. பிரேக் பிடிக்கிறதா என்று இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றியது.

ஓச்சேரி டீக்கடையில்தான் விடை கிடைத்தது. இடது கைப்பக்கம் தள்ளி பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிழக்கே வந்து, வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு. தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, சரிவு இருக்கிறது. ஆறு இறங்குகிற நிலத்தில் நான் அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன். அப்படியானால் காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறேன்! போதாக்குறைக்கு, அம்மியையே பறக்க வைக்கும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து நேரே மூஞ்சியில்.

இருபது வருஷம் இந்த ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறேன். இது மேடு என்று எனக்குத் தெரியவே தெரியாது. டிக்கெட் வாங்கியவனுக்கு மேடு தெரியாது. மிதிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அப்பா பட்டு நெசவாளி. நெய்து முடித்த புடவையைத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்துக்கு முதலாளி வீட்டுக்குப் போவார். கூலியும் அடுத்த புடவைக்குப் பட்டும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு வருவார். காஞ்சிபுரம் எங்களுக்குக் கிழக்கே. அதாவது புடவை போகும்போது இறக்கம். கூலி வரும்போது ஏற்றம். கூலி ஒன்றும் அவ்வளவு கனமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிபலகை. வேலை முடிந்தால் சைக்கிள் பெடல். யோசித்துப் பார்த்தால் அந்தக் கால்கள் முப்பது வருஷம் மிதித்துக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. என் காலேஜ் ஃபீஸ் அந்த மிதியில்தான் வந்தது. முழங்கால் ஏன் வலிக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காவேரிப்பாக்கம் வந்தபோது ஆறரை. மூன்றாம் நந்திவர்மன் வெட்டியது என்று சொல்லப்படும் பெரிய ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. கரைமேல் நின்று கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டேன். 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவ் இந்த ஊர்ப் பக்கம் வந்தபோது, மாந்தோப்பில் ஒளித்துவைத்திருந்த பிரெஞ்சுப் பீரங்கிகள் அவர்மேல் திடீரென்று சுட்டன. தோப்புக்குப் பின்பக்கமாக ஆளனுப்பிப் பீரங்கிகளைப் பிடித்து ஜெயித்தார் கிளைவ்.

எனக்கும் இங்கேதான் தாக்குதல். வடக்கே திரும்பிப் பாணாவரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் 'புஸ்ஸ்...' கிளைவுக்குப் பீரங்கி, எனக்கு வேலிகாத்தான் முள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளினேன். (பஞ்சரானால் தள்ளுவது தள்ளுவதில் சேர்த்தி இல்லை. ஆடிட்டர் என்ற முறையில் தள்ளுபடி செய்தேன்.) புளியமரத்தடியில் ஒரு பெரியவர் கடை. டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, முட்டை வந்த இடத்தில் தீக்குச்சியைச் செருகினார். உப்புக் காகிதத்தில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டார்.

"எங்கிருந்து வர்ற நைனா?"

சொன்னேன்.

"வண்டி இல்லியா?"

"இருக்கு. எங்கப்பா ஒரு தடவை சைக்கிள்ல சோளிங்கர் போனாராம். முடியுமான்னு பாக்கறேன்."

அவர் சிரித்தார். "முடியுமான்னா? கார்த்திகை மாசத்துல கும்பல் கும்பலா போவாங்க. பஞ்சர் ஒட்டி ஒட்டிக் கை வுட்டுப்பூடும். இப்போ ஸ்கூல் புள்ளைங்க சைக்கிள்தான் வருது."

வந்தன. எட்டரை மணிக்குப் பாணாவரத்தை நெருங்கும்போது பின்னால் மணிச்சத்தம். அரசு கொடுத்த சைக்கிளில் ஏழெட்டுப் பெண்கள், யூனிபார்மில், பேசிக்கொண்டே என்னை ஓவர்டேக் செய்தார்கள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று 2001-02-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06-ல் மற்ற பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் விரிந்தது. எதிர்காற்றோ மேடோ அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "அண்ணா, செயின் கவர் ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆடிட்டருக்கே ஆடிட்.

பாணாவரத்தில் இருக்கிற ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெயர் சோளிங்கர். இறங்கினால் சோளிங்கர் இருக்காது. ஊர் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ரயில் பாதையைத் தாண்டியதும் நிலத்தின் முகமே மாறுகிறது. வயல் நடுவே பாறைக் குன்றுகள், யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி. ரோடு இதுவரை ஏமாற்றி ஏற்றியது. இப்போது பகிரங்கமாக ஏற்றியது.

அங்கே ஒரு மேடு. முதலில் உட்கார்ந்து மிதித்தேன். பிறகு நின்று மிதித்தேன். பிறகு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மிதித்தேன். சைக்கிள் நின்றுவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆடு மட்டும் சாட்சி.

இறங்கித் தள்ளினேன்.

மலையடிவாரம் கொண்டபாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பெரிய மலையில் யோக நரசிம்மர். 1,305 படி. எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், 406 படி. சொன்னபடி என்றால் படி ஏற வேண்டும். ஆனால் 2024 மார்ச்சில் இங்கே ரோப் கார் வந்துவிட்டது. படியைப் பார்த்தேன். ரோப் காரைப் பார்த்தேன். முழங்காலைப் பார்த்தேன். முழங்கால், "உங்கப்பா பையன்தானே நீ" என்றது. டிக்கெட் வாங்கிவிட்டேன்.

காலையிலிருந்து விரல் விரலாக ஏறியவன், சில நிமிஷத்தில் உச்சியில். கீழே ஏரிகள், குன்றுகள், நான் வந்த ரோடு ஒரு நூலாக. நெய்கிறவன் மகனுக்கு அது ஒற்றை இழை ஊடையாகத்தான் தெரிந்தது. இந்தத் தலத்துக்குத் திருக்கடிகை என்று பெயர். ஒரு கடிகை, அதாவது 24 நிமிஷம், இங்கே இருந்தாலே மோட்சம் என்பார்கள். குரங்கு என் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போன நேரத்தையும் சேர்த்தால் எனக்கு ஒன்றரை மணி நேரம் கிரெடிட்டில் இருக்கிறது.

மூன்று மணிக்குத் திரும்பினேன். காலையில் பற்றில் எழுதியதெல்லாம் இப்போது வரவில் வந்தது. பள்ளம் இழுத்தது, காவேரிப்பாக்கத்துக்கு அப்புறம் காற்றும் முதுகைத் தள்ளியது. உட்காரும் இடத்தைப் பற்றி மட்டும் இந்தக் குடும்பப் பத்திரிகையில் விவரமாக எழுத முடியாது.

எட்டரைக்கு வீடு. அப்பா அதே திண்ணையில். முதலில் டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"பாணாவரம் தாண்டி ஒரு மேடு வருமே..."

"வந்துச்சு."

"தள்ளினியா?"

பொய் சொல்லலாம். ஆட்டைத் தவிர சாட்சி இல்லை. "தள்ளினேம்ப்பா. மலைக்கும் படி ஏறல. ரோப் கார்ல போயிட்டேன்."

வசனத்துக்குக் காத்திருந்தேன். துண்டு உதறப்படவில்லை. அவர் வீட்டுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"நானும் தள்ளினேன்டா. அந்த மேட்டுல மட்டும் இல்ல. திரும்பி வரும்போது ஓச்சேரியிலிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் வந்தேன். கார்த்திகை இல்லியா, காத்து கிழக்கேயிருந்து எதிர்ல. மழை வேற. கால்ல ஜீவனே இல்ல. உங்கம்மாகிட்ட சொல்லிடாத."

உள்ளேயிருந்து அம்மா: "முப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி எங்க வந்தாரு? விடிஞ்சு பால்காரன் பின்னாலதான் வந்தாரு!"

மூன்று பேரும் சிரித்தோம். அந்தத் திண்ணையில் நானும் அப்பாவும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

சிரித்து முடித்ததும் பயந்துகொண்டே கேட்டேன். "இதை எழுதட்டுமாப்பா?"

நான் எழுதுவதைப் பற்றி அவர் முதல்முறையாக யோசித்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"எழுது. தள்ளினதையும் எழுது. ஆனா, காத்து எதிர்ல அடிச்சுதுன்னு சேத்து எழுது."

சேர்த்துவிட்டேன்.