கைமுதல்

வீடு கட்டக் கடன் கேட்டுப் போகிறவனிடம் வங்கி முதலில் விசாரிப்பது அவனுடைய தேவையை அல்ல, கைமுதலை. நூறு ரூபாய் வேண்டுமென்றால் இருபது ரூபாயாவது உன்னிடம் இருக்கட்டும், மிச்சத்தை நான் தருகிறேன் என்பதுதான் ஏற்பாடு. வங்கியின் பக்கத்தில் நின்று பார்த்தால் இதில் நியாயம் உண்டு. தன் பணமும் உள்ளே கிடக்கிறவன் தவணையை இலேசில் கைவிட மாட்டான். ஆனால் எங்கள் கிழக்கிலங்கை ஊரொன்றில் நாற்பது வயது தாண்டிய ஆசிரியனிடம் ஏன் கைமுதல் இல்லை என்று எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டமும் கிடையாது.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடியேற்றுவது எங்கள் பகுதி வழக்கம். இரண்டு தங்கச்சிமாருக்கும் அத்திவாரம் போட்டதோடு வாப்பா மௌத்தாகிவிட்டார். சுவரும் கூரையும் என் பொறுப்பாயின. பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து பாடசாலையில் கையெழுத்து வைத்த முதல் மாதத்திலிருந்து சீட்டுக் கட்டினேன், இடர்கடனும் எடுத்தேன். அரச ஊழியருக்கான அந்தக் கடனுக்கு வட்டி 4.2 வீதம். அவ்வளவு குறைந்ததை வட்டியென்றே எண்ணாதவர்கள் நம் ஆசிரியர் ஓய்வறைகளில் நிறையப் பேர். வட்டியின் கொடுமை பற்றி இடைவேளை முழுவதும் பேசுவார்கள். மணியடித்ததும் பக்கத்து மேசைக்காரரின் இடர்கடன் படிவத்தில் பிணையாளியாகக் கையொப்பம் வைப்பார்கள்.

சேமிக்கத் தெரியாதவன் என்று வங்கிப் புத்தகம் என்னைப் பற்றிச் சொல்கிறது. என் சேமிப்பு வேறு இரண்டு பெயர்களில், நிறம் பூசிய இரண்டு வீடுகளாக நிற்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. இருந்த கடைசிச் சீட்டுப் பணத்தை 2022 தின்றது. அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டி வீதத்தை ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தை அண்மித்தது. அறைகளுக்கென்று வைத்திருந்த பணம் கக்கூசுக் குழியோடு முடிந்தது.

வட்டிக்கு எடுப்பதில்லை என்று மனைவி உறுதியாக இருந்தாள். அதனால் இஸ்லாமிய முறையில் நிதி வழங்கும் பிரிவொன்றுக்குப் போனோம். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நம் நாட்டில் திறந்த வாசல் அது. வீட்டுக்கு அவர்கள் சொன்ன முறை குறைந்து செல்லும் முஷாரகா. வங்கியும் நாமும் சொத்தில் கூட்டாளிகள். வங்கியின் பங்கு சிறு சிறு அலகுகளாகப் பிரிக்கப்படும். மாதாமாதம் சில அலகுகளை நாம் வாங்குவோம். மீதியுள்ள வங்கிப் பங்கில் குடியிருப்பதற்கு வாடகை கொடுப்போம். அலகுகள் முடிய வீடு முழுதும் நம்முடையதாகும். அந்த வாடகையும் சந்தை வட்டி வீதத்தைப் பார்த்துத்தானே வைக்கப்படுகிறது என்று நண்பர்கள் இடிப்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனாலும் சொத்தில்லாமல் பணம் மட்டும் குட்டி போடும் வியாபாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வட்டிக் கடனில் கைமுதல் வங்கியின் பாதுகாப்புக்கு மட்டுமே. முஷாரகாவிலோ அது உடன்படிக்கையின் உயிர். பங்கே இல்லாதவன் பங்காளியாவது எப்படி? வட்டியை விட்டு ஓடி வருகிற ஏழைதான் இந்த வாசலில் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மேசைக்கு அப்பால் இருந்த தம்பி ஒருகாலத்தில் எங்கள் பாடசாலைப் பிள்ளை. "சேர், உங்கட பங்கு எவ்வளவு எண்டு செல்லுங்க" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி கேட்டாள்: "வளவு பங்காகாதா தம்பி?"

ஆகும் என்றார். உறுதி இருந்தால்.

உறுதி இருக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் 12 பேர்ச்சும் மூத்தம்மாவின் வளவில் பாதி. மாமிக்கும் சாச்சிக்கும் வாய்ச்சொல்லில் வந்தது; பங்கு பிரிக்காத காணி. வங்கி கேட்பதோ முப்பது வருடத் தேடல் அறிக்கை. நில அளவையாளர், நொத்தாரிசு, காணிப் பதிவகம் என்று ஏழு மாதம் அலைந்தோம். சாச்சி ஒரு வார்த்தை பேசாமல் பங்கீட்டு உறுதியில் ஒப்பமிட்டார். மாமிதான் பயந்தார். "ஈடு வெச்சா வளவு போயிரும் மகன்" என்றார். றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வபாத்தானபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈடாக இருந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது கவசம். இது வளவு" என்றார். மறுநாள் தானாகவே வந்து மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தார்.

மதிப்பீட்டாளர் வளவுக்கு 15 இலட்சம் போட்டார். கட்டடச் செலவு 30 இலட்சம் வங்கியுடையது. மூன்றிலொரு பங்கு எங்களுடையது என்று கடிதம் வந்தது. எங்களுடையது என்று நான் சொல்கிறேன். அதில் என் உழைப்பு ஒரு சதமும் இல்லை. மூத்தம்மாவிலிருந்து மாமிக்கும், மாமியிலிருந்து மனைவிக்கும் வந்த பெண்வழி மண் அது. சீதனத்தை எதிர்த்து எழுதிய ஆண்களில் நானும் ஒருவன். அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் எழுதினேன்.

உடன்படிக்கையில் கையொப்பமிடும்போது மனைவி இன்னொன்று கேட்டாள்: மூத்த மகளின் பெயருக்கு வீட்டை எப்போது மாற்றலாம்? கடைசி அலகையும் வாங்கி முடிந்த பிறகுதான், பதினைந்து வருடமாகும் என்றார் அந்தத் தம்பி. மகளுக்கு இப்போது பதினான்கு வயது. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்துத் திகைத்தேன். ஊரில் இருபதிலேயே பேச்சு வந்துவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நல்லந்தானே. ஊட்டக் கேட்டு வாறவனுக்கு, ஊடு வங்கிர எண்டு செல்லுவம்."