ஜரிகை உடுத்த திருமகள்

பழம்படம் சேர்ப்போரில் இரு வகையினர் உண்டு. முதல் வகையினர் அரியனவற்றைத் தேடுவர். தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகனான வில்லியமும் இந்தியாவெங்கும் சுற்றி வரைந்து, 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 அக்வாடின்ட் அச்சோவியங்கள் இவர்களது கனவு. மாமல்லபுரமும் அவற்றுள் உண்டு. ஒரு கல்லூரி ஆசிரியரின் ஊதியத்துக்கு அக்கனவு எட்டாது. இரண்டாம் வகையினர், ஆயிரக்கணக்கில் அச்சாகி, பூசையறைச் சுவரில் புகைபடிந்து, இறுதியில் எவருக்கும் வேண்டாதனவாகிப்போன படங்களைத் தேடுவர். நாம் இந்த இரண்டாம் வகை.

நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் ஓலியோகிராஃப் எனப்படும் வண்ணக் கல்லச்சுப் படங்கள். ஓவியர் ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது லோனாவாலாவை அடுத்த மளவலிக்கு இடம்பெயர்ந்தது, ஜெர்மானியரான ஷ்லைஷரின் கைக்கு மாறியது, 1972இல் தீக்கிரையானது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே கல்லச்சின் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சுமையை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். வண்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். ஒரே தாள் கல்லுக்குக் கல் இம்மியும் பிசகாமல் பதிய வேண்டும். பிசகினால் திருமகளின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும்!

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இப்படங்களில் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். பிற்காலத்து ஆஃப்செட் அச்சிலோ புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். அடி விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருந்தால் ஐயமே இல்லை. ஆனால் சட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் அவ்விளிம்பை வெட்டியெறிந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது தெய்வம், அச்சகத்தின் பெயரன்று.

படியெடுத்த படத்துக்கு என்ன மதிப்பு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் மக்கள் சித்திரங்களைச் சுட்டிக்காட்டி, இவர் இன்னார் என ஒருவருக்கொருவர் விளக்கிச் சென்றதைப் பரிபாடல் காட்டுகிறது. அந்த ஓவியத்தைக் காண மலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அச்சுப்படமோ வீடு தேடி வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது 1939இல். அதற்கு முன்பே, கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோரும் ஒரு படத்தை வாங்கி மாட்டித் தம் வீட்டிலேயே தெய்வத்தை நேருக்குநேர் காண முடிந்தது. படி பல்கியதால் விளைந்த பயன் இது.

ஆயினும் இப்படங்களின் முடிவு வருந்தத்தக்கது. கண்ணாடி உடைந்த சாமிபடத்தை வீட்டில் வைத்தல் ஆகாது என்பது வழக்கம். குப்பையிலும் போட மனம் வராது. எனவே கோயிலடி அரச மரத்தின் கீழ்ச் சார்த்திவிட்டுப் போவார்கள். ஏனாத்தூரிலிருந்து காஞ்சி நகருக்குள் போய்வரும் வழிகளில் இத்தகைய படங்களை அடிக்கடி காண்கிறோம். ஒரு மழைக்காலத்தில், நல்ல கல்லச்சு முருகன் படம் ஒன்று மரத்தடியில் மூன்று நாளில் கூழாகியதைப் பார்த்துக்கொண்டே கடந்தோம். எடுத்திருக்கலாமே எனச் சேகரிப்பாளர் சினக்கலாம். வைத்தவர் அதை எறியவில்லை, விடைகொடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் குறுக்கிட நமக்கு உரிமை இல்லை. கையால் கொடுத்தாலன்றி எதையும் எடுப்பதில்லை என்பது நாம் வகுத்துக்கொண்ட நெறி. இந்நெறியால் இழந்தவை பல.

பெற்றவையும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் இடிக்கவிருந்த ஒரு நெசவாளர் வீட்டில் ரவிவர்மாவின் திருமகளைக் கண்டோம். தாமரைமேல் நிற்கும் அந்தத் திருமகளின் சேலைமீது உண்மையான பட்டுத் துணுக்குகளும் ஜரிகையும் ஒட்டப்பட்டிருந்தன. படத்துக்கு இப்படி ஆடை அணிவிக்கும் வழக்கம் பல ஊர்களிலும் இருந்தது. இங்கே தறியில் மிஞ்சிய ஜரிகையே அணியாயிற்று. ஒட்டியவர் மறைந்த குடும்பத் தலைவர். அவருடைய மனைவி, எண்பதை நெருங்கிய மூதாட்டி, படத்தைத் துடைத்து நம் கையில் தந்தார். “எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. வெள்ளிக்கிழமையில ஒரு ஊதுவத்தி மட்டும் காட்டிடுங்க” என்றார்.

பழைய பட்டுச் சேலை வாங்குவோர் அதை எரித்து, ஜரிகையிலுள்ள வெள்ளியை மட்டும் பிரித்தெடுப்பது காஞ்சியில் யாவரும் அறிந்தது. பழம்படத்தை ‘மூலநிலைக்கு’ மீட்கும் வேலையும் ஏறத்தாழ அத்தகையதே. படம் பழுதுபார்க்கும் அன்பர் ஒருவர், ஜரிகையை நீக்கிக் குங்குமக் கறையைக் களைந்தால் விலை கூடும் என்றார். கூடலாம். அச்சகத்திலிருந்து வெளிவந்த நாளில் அத்திருமகள் ஆயிரத்தில் ஒருத்தி. ஒரு நெசவாளர் தம் தறியின் மிச்சத்தைக் கொண்டு உடுத்திய பின்னரே அவள் அவ்வீட்டுக்கு மட்டும் உரியவள் ஆனாள். அந்த ஜரிகையை உரித்தால் மிஞ்சுவது வேறெங்கும் கிடைக்கும் ஒரு தாள்.

எனவே நாம் செய்தது சிறிதளவே. தாளைப் பழுப்பேற்றிய பழைய மரப்பலகையை நீக்கி, அமிலமற்ற அட்டை வைத்தோம். இராமபாணப் பூச்சி அண்டாமல் காக்கிறோம், வெயில் படவிடுவதில்லை. குங்குமமும் ஜரிகையும் இருந்தபடியே இருக்கின்றன.

ஊதுவத்திப் புகை தாளுக்கு ஆகாது. ஆனால் கொடுத்த வாக்கும் உண்டு. வெள்ளிதோறும் அலமாரியின் கதவைச் சாத்தி வைத்து, அதற்கு வெளியே நின்று காட்டுகிறோம்.