உம்மாவின் ஸ்கேன்

எம்.ஆர்.ஐ. ஃபிலிம் கைக்கு வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, துஆ செய்யுங்கள் என்று எழுதுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. துஆ கேட்பது நல்லதே. படம் எதற்கு?

எங்கள் உம்மாவுக்குத் தலையில் அறுவை சிகிச்சை வேண்டும் என்று ஒரு மருத்துவர் கூறியபோது, இன்னொரு மருத்துவரிடமும் கேட்பதெனச் சகோதரர்கள் கூடி முடிவு செய்தோம். அவர் ஃபிலிமை ஏற்கவில்லை. குறுந்தகட்டிலுள்ள படத்தொகுதி முழுவதையும் கேட்டார். அனுப்பினோம். கோப்புகள் சுருக்கப்பட்டிருப்பதால் தம் கணினியில் திறக்கவில்லை, விரித்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

தொகுதி என்றால் தலையை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் 180 படங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் குறுக்கே 256, நெடுக்கே 256 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் ஏறத்தாழ 2 கோடியே 36 லட்சம் பைட். இடத்தை மிச்சப்படுத்தவே சுருக்குகிறார்கள்.

எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கணினித் துறையில் இருக்கிறார். டிசிஎம்டிகே என்னும் இலவசத் தொகுப்பை அவர் நிறுவித் தந்தார். அதிலுள்ள டிசிஎம்டிஜேபெக் என்ற கருவிக்குப் பொத்தான்கள் கிடையா. கறுப்புத் திரையில் கருவியின் பெயர், சுருங்கிய கோப்பின் பெயர், விரிந்த கோப்புக்கு இடும் புதுப்பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் தட்டச்சு செய்ய வேண்டும். மூலக் கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

"ஹஸ்ரத், விரிப்பதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும்" என்றார். சுருக்குவதில் இருவகை உண்டாம். ஒன்றில் எதுவும் குறையாது. விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் முன்பிருந்தபடியே திரும்பும், ஹாஃபிழின் நெஞ்சிலிருந்து ஒரு ஹர்ஃபும் பிசகாமல் ஓதல் வெளிவருவதைப் போல. மற்றதில் நுட்பங்கள் சில கழிக்கப்படும். பிறகு எந்தக் கருவியாலும் அவற்றை மீட்க இயலாது. எவ்வகை என்பதைக் கோப்பின் தலைப்பகுதியே சாட்சி சொல்கிறது. 0028,2110 என்ற இடத்தில் 01 என்றிருந்தால் இழப்பு நேர்ந்துள்ளது என்று பொருள். விரித்த பின்னும் அந்த 01-ஐ 00 என மாற்றலாகாது என்பது விதி. நம் கடைவீதிக்கும் இப்படியொரு விதி இருந்தால் நலம். எங்கள் கோப்புகளில் 00 இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

180 கோப்புகளும் விரிந்தன. சரிபார்க்க அவர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி முப்பரிமாணக் காட்சிக்கு மாற்றினார். திரையில் நெற்றி தெரிந்தது; பிறகு மூக்கு, மூடிய இமைகள், உதடு. உம்மாவின் முகமே அது. மாணவர் சட்டெனத் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்நிய ஆடவர் முன் ஐம்பது ஆண்டுகளாக முகம் திறவாதவர் எங்கள் உம்மா.

சிகிச்சையின் தேவைக்காக மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. அந்த அனுமதி மருத்துவரோடு நிற்கிறது. மாமன் மகனின் நண்பர்வரை நீள்வதில்லை. தலை ஸ்கேனின் முழுத் தொகுதியை ஒருவருக்கு அனுப்புவது முகத்தையே அனுப்புவதற்கு ஒப்பானது என்றே நாங்கள் கருதுகிறோம். போதாததற்கு, கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் நோயாளியின் பெயர் வேறு இருக்கிறது.

விவரத்தை உம்மாவிடம் சொன்னோம். "டாக்டருக்கு மட்டும் அனுப்பு வாப்பா" என்றார். அவ்வாறே அனுப்பிவிட்டு, மத்ரஸாவின் பொதுக் கணினியிலிருந்த பிரதிகளை அழித்தோம். குறுந்தகடு உம்மாவின் அலமாரியில் இருக்கிறது. ஆறு மாதம் மருந்து கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அதுவரை அறுவை வேண்டாம் என்று அம்மருத்துவர் கூறியிருக்கிறார். துஆ செய்யுங்கள்.