பெரியம்மாவின் நம்பர்

நேயர்களே, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ரமணர் பிறந்த ஊராயிற்றே என்று தரிசனத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நான் போனது என் பெரியம்மாவின் வாரிசுச் சான்றிதழுக்காக! வழியெல்லாம் கரிசல், வறண்ட கண்மாய், சீமைக்கருவேல்.

பெரியப்பா காலமாகி எட்டு மாதம். அவர் பேரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். பட்டாவில் பெரியம்மாவின் பேர் ஏற வேண்டுமானால் முதலில் அந்தச் சான்றிதழ் வேண்டும். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் கர்ணம் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தார்கள். பரம்பரைக் கர்ணம் 1980இல் ஒழிந்தார்; தாலுகா கச்சேரிக்கு நடப்பது ஒழியவில்லை. இப்போதோ இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று தானே படியேறுகிறது. சான்றிதழும் கணினியிலேயே வந்துவிடும். பட்டாவைப் பைசா செலவில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். பஸ்ஸில் இதைப் பெரியம்மாவுக்கு ஒரு பிரசங்கமாகவே செய்தேன்.

மையத்திலிருந்த பெண் பதமாகத்தான் பேசினாள். "பாட்டி, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"எந்தப் போனுக்கும்மா?"

முன்பு வருமானச் சான்றிதழுக்குப் பதிந்தபோது கொடுத்த நம்பராம். அது திருப்பூரில், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணனுடையது. நிலத்தை விற்றுவிடலாம் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவனும் அவன்தான்!

சகோதரிகளே, ஒரு நிமிஷம். உங்கள் ஆதாருக்கும் பாங்குக் கணக்குக்கும் கொடுத்திருப்பது யாருடைய நம்பர்? நான் வீட்டுக்கு வந்து என் மனைவியின் காகிதங்களைப் பார்த்தேன். எல்லாம் என்னுடையது. வெட்கமாக இருந்தது.

இரண்டு தடவை கூப்பிட்டும் அண்ணன் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான். "இப்ப எதுக்குச் சர்டிபிகேட்? நான் ஊருக்கு வந்து பாத்துக்கிறேன்" என்றான். பெரியம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஏலே, நம்பரைச் சொல்லு."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

வெளியே வந்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் ஒரு போன் கடை முன் நின்றுவிட்டாள். "எனக்குன்னு ஒரு நம்பர் வாங்கிக் குடுய்யா." பருத்தி எடுத்தே தேய்ந்த கட்டைவிரல், கைரேகைக் கருவி மூன்று தடவை உதட்டைப் பிதுக்கியது. சேலைத் தலைப்பில் அழுந்தத் துடைத்து வைத்தாள். நான்காம் தடவை ஏற்றுக்கொண்டது.

திரும்பும் வழியில் என் பிரசங்கத்துக்கு இடமில்லை. பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.